சேலத்தில் ஒரு ஹீட்டர்

சித்திரை இருபது. மரவனேரியில் தார் இளகிக்கொண்டிருந்தது.
மோரிஸ் மைனரில் ஹீட்டர் ஓடவில்லை என்று சொன்னதும்
கெஜபதி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
வெல்டிங் பையன் சிரித்தான்.
டீ கொண்டுவந்தவன் விஷயம் தெரியாமலே சிரித்தான்.
"கண்ணாடிய எறக்கி விடுங்க சார்,
ஊரே ஹீட்டர்தானே."

வசுமதி சிரிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, நைட்டிக்கு மேல் என் பழைய சட்டையை மாட்டி
முன் சீட்டைக் கழற்றி வாசலில் வைத்தாள்.
டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தாள்.
நான் டார்ச் பிடிப்பவன்.
டார்ச் பிடிப்பவனுக்கு வேலை ஒன்றுதான்:
அவள் கண் போகும் இடத்துக்கு
ஒரு நொடி முன்னால் வெளிச்சம் போகவேண்டும்.
பதினெட்டு வருடமாகப் பிந்துகிறேன்.

ஃபியூஸ் நல்லது.
ஸ்விட்ச்சின் இந்தப் பக்கம் டெஸ்ட் லேம்ப் எரிந்தது.
அந்தப் பக்கமும் எரிந்தது.
மோட்டாரின் வாசல்வரை வந்து நிற்கிறது கரண்ட்;
உள்ளே கல்லுப்பிள்ளையார்.
"வர்றதுக்கு வழி இருக்கு. திரும்பிப் போகத்தான் இல்ல"
என்றாள், பல்லிடுக்கில் ஸ்க்ரூவோடு.
நான் மௌனமானேன்.
இதை வேறு எதற்காவது உவமையாக்கிவிடுவேன் என்று
அவள் குதிகால் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டியது.

எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தில்
பச்சைக் களிம்பு.
நாகலூர் எஸ்டேட்டில் இந்த வண்டி நனைந்த மழையெல்லாம்
அங்கேதான் தங்கியிருந்தது.
உப்புத்தாளால் தேய்த்தாள். தகரம் முகம் கழுவியதுபோல் மின்னியது.
ஸ்விட்ச்சைத் தட்டினேன்.
ம்ம்ம்ம் என்றது.

சத்தம் வந்தது, காற்று வரவில்லை.
துளைக்கு நேரே ஒரு பஸ் டிக்கெட்டைப் பிடித்தேன்.
லேசாக அசைந்தது;
அதுவும் என் மூச்சாக இருக்கலாம்.

வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாள்.
பிறகு, "நிறுத்து. போடு. மறுபடி நிறுத்து."
வேகம் அடங்கும்போது விசிறியைப் பார்த்தாள்.
"எதிர்ப்பக்கம் சுத்துது."

யாரோ, எந்த வருடமோ,
ஆம்னி வேன் மோட்டாரை இதில் செருகியிருக்கிறார்கள்.
மற்ற வண்டிக்கெல்லாம் உடம்பு நெகட்டிவ்.
இந்தக் கிழட்டுச் சீமைவண்டிக்கு
பாசிட்டிவ்தான் எர்த்.
தெரியாமல் கொடுத்த ஒயரை வாங்கி
அது இத்தனை நாளாக
விசுவாசமாகத் தப்பாகச் சுற்றியிருக்கிறது.

இரண்டு ஒயரை இடம் மாற்றினாள். அவ்வளவுதான்.

ஊதியது பாருங்கள்!
முதலில் குளவிமண். பின்னால் காப்பித்தோல்,
சில்வர் ஓக் இலையின் நரம்பு மட்டும்,
கடைசியாக ஒரு மிளகு, என் உதட்டில் வந்து ஒட்டியது.
கடித்துப் பார்த்தேன்.
காரம் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி,
ஐந்தாவது கொண்டை ஊசியில் மீட்டர் முள்
சிவப்பைப் பார்த்துச் சாய்ந்தது.
எட்டில் ரேடியேட்டர் முணுமுணுத்தது.
ஓரத்தில் ஒரு டெம்போ, வாய் திறந்து ஆவி விட்டுக்கொண்டிருக்க,
டிரைவர் பாட்டில் தண்ணீரோடு தூரத்தில் நின்றார்.

"போடு" என்றாள்.
"எதை?"
"ஹீட்டர."

வெளியே முப்பத்தேழு டிகிரி. போட்டேன்.
என்ஜினின் காய்ச்சல் அப்படியே
எங்கள் நான்கு முழங்காலில் வந்து இறங்கியது.
முள் தயங்கியது,
ஒரு மயிரிழை பின்வாங்கியது, இன்னொரு மயிரிழை.
"இதுக்குத்தானா?" என்றேன்.
"பின்ன?" என்றாள்,
மூக்கு நுனியிலிருந்து ஸ்டீயரிங்கில் சொட்டச் சொட்ட.
கெஜபதிக்குப் போன் போட்டேன்.
பதினாலாவது வளைவில் டவர் இல்லை.

ஏரிக்கரையில் ஸ்வெட்டர் விற்பவர்
தொப்பலாக நனைந்து இறங்கிய எங்களைப் பார்த்தார்,
காய்ந்த ரோட்டைப் பார்த்தார்.
"கீழ மழைங்களா?"

வசுமதி முந்தானையைப் பிழிந்தாள்.
"இல்லண்ணா. வண்டிக்குள்ள."