உவாற்றுக் கணக்கு

பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது உவாற்று.
கரடிப்போக்குச் சந்திக் கடையில் அது வாட்ஸ்.
மருந்துச்சீட்டின் பின்பக்கம்
நான் எழுதிவைத்த கணக்கில்
வெறும் 'வா'.

நுவரெலியாவில் வாயைத் திறந்தால்
புகை வருமா என்று ஆதீசன் பார்க்க வேண்டுமாம்.
இழுப்புக்காரப் பிள்ளை.
அவனுக்கு நெபுலைசர், நூறு வா,
ஒருதரம் பிடிக்கக் கால்மணி.
இரவில் இரண்டுதரம் போதும்,
குளிருக்குப் பயந்து மூன்று என்று போட்டேன்.
எழுபத்தைந்து.

இவருக்கு இன்சுலின், முப்பத்தொன்பது வயதிலேயே.
அதற்கொரு குட்டிக் குளிர்ப்பெட்டி.
நாற்பது வா, பாதிநேரம்தான் இழுக்கும்,
பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு இருநூற்று நாற்பது.
போன் நாலுக்கும் அறுபது.
ஃபானை முதலில் எழுதவில்லை, பிறகு
தம்புள்ளை வெயிலை நினைத்து எழுதினேன், நூற்றிருபது.

"கேத்தில்?" என்றார் இவர்.

கடைக்காரப் பரஞ்சோதி சிரிக்கவில்லை.
"ஆயிரத்தைந்நூறு அண்ணை.
தேத்தண்ணி கொதிக்க முந்தி இது படுத்திடும்."
கேத்திலை வெட்டினேன்.
வழி நெடுகத் தேத்தண்ணிக் கடைதானே.

ரொறன்ரோவிலிருந்து மச்சான் குலேந்திரன்
குரல் அனுப்பினார்: ஜெனரேற்றர் வாங்கு,
பின்னுக்குக் கட்டிக்கொண்டு ஓடு.
மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை படுக்கிற வானுக்குப்
புகை விடுகிற சாமான் சொல்கிறார்.
நான் பதில் போடவில்லை.

கார் பற்றறி மலிவு.
இருபத்தெட்டுக் கிலோ.
நூறு அம்பியர் என்று நெற்றியில் எழுதியிருக்கும்,
ஐம்பதைத்தான் தொடலாம்.
மற்ற ஐம்பதும் அதன் உயிர்.

ஐந்நூறு பெட்டி கைக்கு அடக்கம், விலையும் அடக்கம்.
என் கூட்டுத்தொகை நானூற்றுத் தொண்ணூற்றைந்து.
சரிதானே என்று சீட்டை நீட்டினேன்.
"இன்வேட்டர் தன்ர கூலியா
நூற்றுக்குப் பதினைஞ்சு எடுக்கும் அக்கா,
அதை எழுதேல்லை."
எழுதினேன். ஐந்நூறு போய்விட்டது.

லிதியம், எழுநூறு. சீட்டுக் காசு முழுதும்.
வான் ஓடேக்க சிகரெட் ஓட்டையால்
கொஞ்சம் கொஞ்சமாய் ஏறும் என்றார்.
அந்தக் கொஞ்சத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நுவரெலியாவில் இழுப்பு வரவில்லை.
வாயால் புகைவிட்டு வான் கண்ணாடியில்
தன் பேரை எழுதி அழித்தான்.
திரும்பி வரேக்க, தம்புள்ளைச் சந்தைக்குப் பக்கத்தில்,
லொறித் தூசிக்குள் வந்தது.
ஓரங்கட்டினோம்.
மடியில் பெட்டி, முகத்தில் மூடி,
சின்ன மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது.
இவர் ஃபானை நிற்பாட்டினார்,
கேட்காமலே தன் போனையும் கழற்றினார்.
எதுவும் எழுதாமல்
பிள்ளையின் நெஞ்சை மட்டும் பார்த்திருந்தேன்.

தாண்டிக்குளம் தாண்டும்போது இரவு பத்தரை.
மறிக்க ஒருவரும் இல்லை.
ஒரு நாய், ஒரு மோட்டார்சைக்கிள்.

எனக்குப் பதினொரு வயதில்
இதே ரோட்டில் வரிசை.
என் கையில் பால்மாப் பேணி,
மாவுக்குள் நாலு ரோச் பற்றறி.
பற்றறி வன்னிக்குள் போகக் கூடாது.
கேட்டால் தெரியாது என்று சொல்லு என்றார் அப்பா.
கேட்டார்கள்.
சொன்னேன்.

பெட்டியின் சின்னத் திரை
வானுக்குள் நீலமாய் எரிந்துகொண்டிருந்தது.
எப்போது என் சால்வையை எடுத்து
அதன்மேல் போட்டேனோ.

"அம்மா, எத்தினை வீதம் இருக்கு?"

தெரியாது என்றது வாய்.

பிறகு துணியை விலக்கிப் பார்த்து
முப்பத்தெட்டு என்றேன்.
வீடுமட்டும் காணும்.