வகுப்பு மூன்று

முதல் நாளே சொல்லிவிட்டேன்.
தேர்வு கிடையாது. நான்கு கணக்குத் தாள்கள்,
கடைசியில் யாரோ எழுதிய ஒரு கட்டுரையைப் படித்து
எங்களுக்குப் புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான்.
யாரோடும் பேசலாம், கரும்பலகையில் சண்டை போடலாம்.
எழுதும்போது மட்டும் தனியாக உட்காருங்கள்,
யாரோடு பேசினீர்களோ அவர் பெயரைத் தாளின் தலையில் போடுங்கள்.
தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதுங்கள்.
அதற்கு ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண்.
தப்பான நிரூபணத்துக்குச் சுழி.

பத்துக் கேள்விக்கும் தெரியாது என்றால்
நூற்றுக்கு இருபது வருமே, மிஸ்? என்றான் யாஷ்வின்.
வரும். அந்த இருபதை மடியில் வைத்துக்கொண்டு
ரெதுயியிலிருந்து ரோஸ்ஹில்வரை
மெட்ரோவில் நிம்மதியாகப் போகலாம்.

ஒன்பது பேர் சேர்ந்தார்கள்.
மூன்றாம் வாரம் ஆறு.
கிரியோலில் சண்டை போடுவார்கள், ஆங்கிலத்தில் நிரூபிப்பார்கள்.

குறிப்பெழுதுவது முறைவைத்து.
நவ்ஷீன் எழுதினால் நான் சொன்னது மட்டுமல்ல,
சொல்லிவிட்டு அழித்ததும் இருக்கும்.
‘இங்கே மிஸ் மூன்று நிமிடம் சும்மா நின்றார்.’
‘இங்கே ஜன்னலில் கோந்தே கத்தியது.’
கொண்டைக்குருவிக்கு இந்தத் தீவில் அதுதான் பெயர்.
நம் கொண்டை கப்பலேறி வந்து
ஒரு பறவையின் தலையில் குடியேறிவிட்டது.

வகுப்பு என்றால் எங்கள் பாடத்தில் வேறு பொருள்:
ஒரே அளவு முரண்டு பிடிக்கும் கணக்குகளின் கூட்டம்.
சட்டென்று தீர்பவை ஒன்று,
விடையைக் காட்டினால் சட்டென்று சரிபார்க்க முடிபவை இன்னொன்று.
இரண்டும் ஒன்றேதானா?
யாருக்கும் தெரியாது.
உலகத்துக்கே ஐந்தில் ஒரு பங்கு.

பிப்ரவரியில் வானொலி தன் வகுப்புகளைத் தொடங்கியது.
காலையில் புயல் எச்சரிக்கை வகுப்பு ஒன்று.
மதியம் வகுப்பு இரண்டு.
ஸ்தெஃபனி கை தூக்கினாள்:
இரண்டுக்குள் ஒன்று அடக்கமா, மிஸ்?
சிரித்து முடிப்பதற்குள் காவலாளி வந்து
விளக்கை அணைத்துவிட்டார்.

இரவு மூன்று.
கத்ர்போர்னில் மின்சாரம் போய்விட்டது.
வாளிகளில் தண்ணீர் பிடித்து, கண்ணாடிக்கு டேப் ஒட்டி,
மெழுகுவத்தியில் இரண்டாம் தாளைத் திருத்த உட்கார்ந்தேன்.

நான்காம் கேள்வி, ஆ.
யாஷ்வின் இரண்டரைப் பக்கம். மூன்றாவது வரியில் ஓட்டை.
கோவிலென் அதே ஓட்டையை ‘எளிதில் காணலாம்’ என்று
வேட்டி நனையாமல் தாண்டியிருந்தான்.
ஸ்தெஃபனியும் லீ க்வோங்கும்
ஒருவர் பெயரை ஒருவர் நேர்மையாகப் போட்டு
ஒரே பள்ளத்தில் விழுந்திருந்தார்கள்.
மாலினா தாளே தரவில்லை. வீடு ரோஸ்பெல் பக்கம், ஆற்றோரம்.
நவ்ஷீன்: தெரியாது.
கீழே பென்சிலில், ‘இது உண்மைதானா என்பதும் தெரியாது.’

என் சொந்த விடையைத் தேடி எடுத்தேன்,
மூன்று வருஷமாக நான் திருத்தப் பயன்படுத்துவது.
மூன்றாவது வரி.
எளிதில் காணலாம்.

பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று
தெருவெல்லாம் உருண்டுகொண்டே இருந்தது.
நானும் உட்கார்ந்து பார்த்தேன், பின்பக்கமாக வந்து பார்த்தேன்,
பொய் என்று வைத்துக்கொண்டு முட்டிப் பார்த்தேன்.
மூன்று வருஷத்தில் எத்தனை பேருக்கு
இதற்கு முழு மதிப்பெண் போட்டேன் என்று
எண்ணத் தொடங்கி நிறுத்தினேன்.
மெழுகு தீர்ந்தது. விடியவில்லை.

திங்கட்கிழமை. வாசலில் ஒரு மரம் குறுக்கே கிடந்தது.
மாலினா பிளாஸ்டிக் பையில் கட்டிய தாளோடு வந்தாள்.
பலகையின் ஒரு மூலை இன்னும் ஈரம்.
அதன் தலையில் ஆறு பேர் பெயரையும் போட்டேன்.
நான்கு, ஆ, என்று எழுதி,
பக்கத்தில் எழுதினேன்: தெரியாது.

அன்று குறிப்பெழுதும் முறை யாஷ்வினுடையது.
இதையும் எழுதணுமா, மிஸ்?
எழுது.
எத்தனை நிமிடம் நின்றேன் என்பதையும்.

அதற்குள் லீ க்வோங் சாக்பீஸை எடுத்திருந்தான்.