பின்வாசல் சரக்கு

சகாய்மினாத்தோ நண்டுத் தொழிற்சாலையின் பின்வாசலில்
காலை நாலரைக்கு என் லாரி நிற்கும்.
சதை முன்வாசலால் போகும்,
பனிக்கட்டி மேல், விலைச்சீட்டு கட்டி.
ஓடு என்னோடு வரும்.

மற்றவர்கள் நண்டுக்காலை உடைப்பார்கள்.
வியட்நாமிலிருந்து வந்த துயெத் மட்டும்
கத்தரியால், நூல் பிடித்ததுபோல் நேராக.

பன்னிரண்டு வருஷம் எரிகிடங்குக்குத்தான் ஓட்டினேன்.
போன வருஷம், வெயில் கொளுத்திய கோடை முடிந்து,
ரசீதில் புது முகவரி:
நொசாகா கிவா, யுமிகஹாமா, மணல் வயல்.

மூன்று பாத்தி வெங்காயத்தாளைப்
பிடுங்கி ஓரமாய்ப் போட்டிருந்தாள்.
தண்டு வெள்ளை. அடியில் தேநீர்க்கறை.
வேர் இருந்த இடத்தில் வெறும் ஈரம்.
"ஃபுசாரியம்" என்றாள்,
கடன் வாங்கிப் போனவன் பேரைச் சொல்வதுபோல.

கொட்டினோம். உலர்த்தினோம். பருந்துகள் வந்தன.
பக்கத்து வீட்டு இஷிகுரோ
மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.
மன்னிப்புக் கேட்டு ஒரு கட்டு வெங்காயத்தாள் கொடுத்தாள்,
நல்ல பாத்தியிலிருந்து.
அதை வாங்கிக்கொண்டு போய்ப் புகார் எழுதினார்.

ஓட்டை இடித்து மணலில் கலந்த அன்று
அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
வேரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம்.
கைட்டின் என்கிற ஓட்டுச்சத்தைக் கரைக்கத் தெரிந்த,
பட்டினி கிடந்த கூட்டம்.
பந்தி விரித்தால் பெருகும்.
ஓடு தீரும்.
ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா?
பூஞ்சையின் சுவரிலும் அதே கைட்டின்தானாம்.

என்ஜினை அணைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்தேன்.
ஆயிரம் மீட்டர் இருட்டில்
ஒரு நண்டு தனக்காகப் போட்ட சட்டை.
அதற்கு வெங்காயம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

இந்த நவம்பரில் கூப்பிட்டாள்.
"நாலு பாத்தியில் ஒன்று இன்னும் அழுகுது" என்றாள் முதலில்.
பிறகுதான் மற்ற மூன்றையும் காட்டினாள்.

பிடுங்கியதும் வந்தது ஒரு மணம்,
மீன்வாடை இல்லை, முதல் மழை மண்ணின் மணம்.
தாடிபோல் அடர்ந்த வேர்.
அதன் நடுவே சிவப்பாய், நகத்தளவில்,
கரையாமல் ஒரு சில்லு.
வேரிழைகள் அதை விரல்போல் பற்றியிருந்தன.
ஒரு விளிம்பு மட்டும்
நேராக, மிக நேராக.

சந்தைக்குப் போகிற கட்டு என்றால்
உதறிக் கழுவிவிடுவாள்.
இதை அப்படியே செய்தித்தாளில் சுற்றித் தந்தாள்.

முன் இருக்கையில் வைத்திருக்கிறேன்.
நாலரைக்குத் துயெத்திடம் காட்டவேண்டும்.