தலையணை

நெஞ்சைப் பிளந்து தைத்து ஐந்தாம் நாள்.
"தலையணையைக் கட்டிப்பிடிச்சு இருமுங்கோ ஐயா,
சளி வெளியில வரவேணும்" என்கிறா மிஸ்.
தையல் விட்டுவிடுமென்று
கள்ளனைப்போல் மூச்சுவிடுகிறேன்.

எதிர்க்கட்டில் நிலாம்தீன் நானா,
மாளிகாவத்தையில் ஓட்டோ.
"வல்லாஹி, இனிப்பே தொடல்ல டொக்டர்.
சீனி எப்பிடி ஏறினதென்டு
அந்த மெஷினத்தான் கேக்கணும்."

ஜன்னலால் வந்தது கொழும்புக் காகம்.
அவர் தலைமாட்டுப் பையைக் கிளறி
ஒரு துண்டு தொதலைத் தூக்கி,
அலகில் ஒட்டிக்கொள்ள, உதறி உதறி
டொக்டரின் ஃபைலில் போட்டுவிட்டுப் போனது.

முதலில் வாயைப் பொத்தியது டொக்டர்தான்.
பிறகு பதினாறு கட்டிலும்.
ஒரு சொல் தமிழறியாத சுமனதாச
வயிற்றுத் தையலைப் பிடித்தபடி
"அனே, ஹினஸ்ஸன்ன எபா" என்று
கண்ணீர் வழியக் கெஞ்சுகிறார்,
காகத்திடமா நானாவிடமா தெரியவில்லை.

நான் தலையணையை இறுக்கினேன்.
சிரிப்பு இருமலாகி
இருமல் மறுபடி சிரிப்பாகி
ஐந்து நாள் சளி
கிண்ணத்தில்.
மிஸ் எட்டிப் பார்த்து "நல்லது" என்றா,
ஏதோ நான் பரீட்சை பாஸானதுபோல்.

தையல் அப்படியே இருக்கிறது.
நோவும்தான்.

மாலை, ஆஸ்பத்திரிச் சோற்றில் ஒரு பிடி
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது
தொதல்.