ஒரு ம்

ரூவி சர்ச் காம்பவுண்டில் மூன்றாம் ஹால்.
வெள்ளி காலை ஆறரைக்கு ஆராதனை என்றால்
ஐந்துக்கே போய்விடுவேன்.
மிக்ஸரை மூடிய பச்சைத் துணியை உருவி
சுவிட்சைத் தட்டினால்
எங்களுக்கு முன்பே வந்து
உட்கார்ந்திருக்கும் அது:
ம்ம்ம்ம்ம்.

வாய் திறக்காத எழுத்து.
உயிர் ஏறாத மெய்.

கீபோர்டில் பெர்லின் ஒரு விரலால் தேடி
'அண்ணே, இது ஜி. ஜி-க்கு ஒரு நூல் மேல' என்றாள்.
அன்றிலிருந்து எல்லாப் பாட்டையும்
ஜி-யில் வைத்துப் பாடினோம்.
அப்படியும் அந்த ஒரு நூல் உரசியது.

ஏழு மாதம்.
'ஏ.சி. சத்தம்தானே' என்றார் பாஸ்டர் குணசீலன்.
ஏ.சி. என் பிழைப்பு.
வாதி கபீரில் பதினொரு வருஷமாக
கம்ப்ரஸருக்கு நாடி பார்க்கிறவன்.
ஏ.சி. இப்படி முனகாது.

ஜூனில் ஒரு வெள்ளி
எத்தியோப்பியர் வருவதற்கு முன்
ஒரு மணி நேரம் கிடைத்தது.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
மைக் எல்லாம்: ம்ம்ம்ம்.
கீபோர்டு அடாப்டர்: ம்ம்ம்ம்.
லேப்டாப் சார்ஜர்: கொஞ்சம் மெலிந்து, ம்ம்ம்.
வாசலில் வாட்டர் கூலர்.
(டம்ளரோடு நின்றவர் முறைத்தார்.)
ஃபேடர் அத்தனையும் கீழே. அப்போதும்.
கடைசியில்
மிக்ஸரிலிருந்து ஆம்புக்கு ஓடும்
அந்த ஒரே கேபிளைக் கழற்றினேன்.

நின்றது.

மிக்ஸர் பின்சுவர் பிளக்கில்,
ஆம்ப் பீடத்துக்குப் பக்கத்து அலமாரியில்.
இந்தச் சுவருக்கு ஒரு எர்த், அந்தச் சுவருக்கு ஒரு எர்த்.
இரண்டு மண்ணுக்கும் நடுவே
சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது ஒரு கரண்ட்.

'பிளக்கைத் தொறந்து பச்சை வயரைக் கழட்டி விடு,
எங்க பழைய சபையில அப்படித்தான்'
என்றான் ஸ்டெபின்.

நான் பதில் சொல்லவில்லை.
ருசைல் சைட்டில், ஈரத் தரையில்
பச்சை வயர் கழட்டின டிரில்லிங் மிஷினை
விடாமல் பிடித்திருந்த ஒரு கையைப்
பார்த்திருக்கிறேன்.
பெயர் பக்ஷிஷ்.
சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது.
இந்த மைக்கை சண்டே ஸ்கூல் பிள்ளைகள்
உதட்டில் வைத்துத்தான் பாடுவார்கள்.

டிரான்ஸ்பார்மர் ஒன்று வைக்கலாம், இருபத்திநாலு ரியால்.
'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்றது கமிட்டி.
ஆறரை ரியாலுக்கு
முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் வாங்கி
கார்ப்பெட்டுக்கு அடியில் ஓட்டி
ஆம்பையும் மிக்ஸரின் சுவருக்கே கொண்டுவந்தேன்.
இனி இருவருக்கும் ஒரே மண்.
சுவிட்சைத் தட்டி
ஸ்பீக்கர் வாயில் காதை வைத்தேன்.
பெர்லின் கை தட்டினாள்.

அடுத்த வெள்ளி.
'மௌனமாய் ஜெபிப்போம்' என்றார் பாஸ்டர்.

எல்லோருக்கும் எல்லோரும் கேட்டது.
நான்காம் வரிசையில், 'என் விசா, கர்த்தாவே, என் விசா'.
தூணோரம் ஒருவர்
ஏஜென்ட்டை அப்பன் பெயரோடு சொல்லி
ஜெபத்துக்குள்ளேயே சபித்துக்கொண்டிருந்தார்,
நல்ல சுத்தத் தமிழில்.
யாருடைய வயிறோ கூவியது.
பிறகு ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டது.
மூக்கு உறிஞ்சவும் பயந்து
முந்நூறு பேர்
தலை குனிந்து நின்றோம்.

முடிந்ததும் தங்கபுஷ்பம் அக்கா வந்தார்.
குரூமில் வீட்டு வேலை,
இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி விடுவார்கள்.
மிக்ஸரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
'தம்பி, அந்தச் சத்தம் நல்லாத்தான இருந்துச்சு.
அதுக்குள்ள வச்சி
எதுனாலும் பேசிக்கிடலாம்.'

பிடுங்கியதைத் திரும்ப மாட்ட
என் கைக்கு வராது.

இப்போதெல்லாம் மௌன ஜெபம் என்றதும்
பெர்லினைப் பார்ப்பேன்.
இடது சுண்டுவிரலால்
கீழே இருக்கும் ஜி-யை அழுத்திப் பிடிப்பாள்.
நான் ஃபேடரை மெல்ல ஏற்றுவேன்.
வரிசை வரிசையாக உதடுகள் அசையத் தொடங்கும்.

அந்த ஒரு நூல் மேலே போக
கீபோர்டில் ஒரு சக்கரம் இருக்கிறதாம்.
அடுத்த வெள்ளி பார்க்கலாம்.