சமக்குறி

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
பல் மருத்துவமனைச் செயலியில்
ஒரே ஆளைப் பட்டியல்
இரண்டு தடவை காட்டுகிறதென்று
வெள்ளி மாலை நாலு ஐம்பதுக்குப் புகார்.

காரணம் தெரிந்ததுதான்.
சர்வரிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும்
அவர் புதிதாய்ப் பிறக்கிறார்,
நினைவகத்தில் வேறொரு முகவரியில்.
பெயர் அதே, பல் அதே, வலி அதே.
இரண்டு சமக்குறி போட்டுக் கேட்டால்
இல்லை என்கிறது மொழி.
உள்ளே இருப்பது அதற்குப் பொருட்டில்லை,
எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும்
முதலில் எந்தத் தெரு என்றுதான் கேட்டார்கள்.

ஒப்பிடும் விதியை நானே எழுதினேன்:
பெயர் ஒன்றா, பிறந்த தேதி ஒன்றா,
அஞ்சல் குறியீடு ஒன்றா,
மூன்றும் ஒன்றென்றால் ஆள் ஒன்று.
வீட்டு எண்ணைச் சேர்க்கவில்லை,
ஆளுக்கொரு விதமாய் எழுதுகிறார்கள்.
பதினோரு வரி.
சோதனைகள் எல்லாம் பச்சை.
தேவநேசன் பார்த்துக் கட்டைவிரல் போட்டார்.
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு
வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை
வரவேற்பு மேசையில் மேரி அச்சோல் டெங்,
பிறப்பு எழுபத்தெட்டு ஜனவரி ஒன்று.
அவருக்குப் பின்னால்
கன்னம் வீங்கி, மஃப்ளரை அழுத்திப் பிடித்தபடி
மேரி அச்சோல் டெங்,
பிறப்பு எழுபத்தெட்டு ஜனவரி ஒன்று.
சகோதரிகள் அல்ல.
ஒரே கட்டடம், மூன்றாம் மாடி, ஏழாம் மாடி.
பிறந்த நாள் தெரியாத எல்லோருக்கும்
முகாமில் படிவம் நிரப்பிய யாரோ
அந்த ஒரு நாளையே கொடுத்திருக்கிறார்.

பட்டியலில் ஒருவர்தான் இருந்தார்.
"நீங்கள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டீர்கள்"
என்றதாம் திரை, பின்னால் நின்றவரிடம்.
அவர் கோபப்படவில்லையாம்.
தான் இன்னும் வெளியேதான் இருப்பதாகச் சொல்லி
நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாராம்,
வீங்காத பக்கத்தால்.

இப்போது நோயாளி எண்ணை மட்டும் ஒப்பிடுகிறேன்.
முதலிலேயே செய்திருக்க வேண்டும்.
சோதனையில் ஒரு வரியும் சேர்த்தேன்:
மேரி சமமல்ல மேரி.
ஓட்டினேன். பச்சை.

மதியம் மருத்துவமனையிலிருந்து மறுபடி அழைப்பு.
அடுத்த தடவை தங்கள் இருவருக்கும்
ஒரே நேரம் கிடைக்குமா,
ஒரே பஸ்ஸில் வந்துவிடுவோம் என்கிறார்களாம்.

அதற்குச் செயலியில் இன்னும் வழியில்லை.