எதிர்க்காற்று

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு
பதினாலாயிரம் கிலோமீட்டர், சொச்சம்.
சொச்சத்தை நான் விடமாட்டேன்.
என் வேலை அப்படி.

ஹூப்ளிக்கும் கொச்சிக்கும் போகிற சின்ன விமானங்களுக்கு
எவ்வளவு எரிபொருள் என்று
இரவு ஷிஃப்டில் கணக்குப் போடுகிறவள்.
பாதைக்கு இவ்வளவு,
காற்று ஏமாற்றினால் இவ்வளவு,
இறங்க இடமில்லையென்றால் பக்கத்து ஊருக்கு இவ்வளவு,
கடைசியில்
சும்மா வானத்தில் சுற்றிக்கொண்டிருக்க அரை மணி நேரம்.
அந்த அரை மணியைத் தொடக் கூடாது.
தொட்டால், ஆபத்து என்று அறிவிக்க வேண்டும்.

பெனிட்டாவின் பள்ளிக்கூட உலக உருண்டையில்
பூக்கட்டும் நூலை இழுத்துப் பிடித்தேன்.
ஹலசூரில் ஒரு விரல்,
அவள் அப்பாவின் ஊரில் ஒரு விரல்.
நூல் கடலைத் தேடிப் போகவில்லை,
வடக்கே ஏறியது.
சீனா, மங்கோலியா, ஆளில்லாத சைபீரியா,
பிறகு அலாஸ்காவின் தோள் வழியே சறுக்கி இறங்கியது.
"இவ்ளோ குளிர்லயா அப்பா வீட்டுக்குப் போவேன்?"
ஒன்பது வயதுக்கு அது நியாயமான கேள்வி.
கைப்பையில் ஸ்வெட்டரை வைத்தேன்.

நீதிமன்ற உத்தரவில் தூரம் பற்றி ஒன்றும் இல்லை.
ஏப்ரல், மே என்று மட்டும் இருக்கிறது.

கழுத்தில் தொங்கும் அட்டையோடு
யாரோ ஒரு பணிப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.
பதினாறு மணி நேரம்
கைபேசியில் ஒரு மஞ்சள் விமானம்.
குக்கர் வைத்தேன். விசில் எண்ண மறந்தேன்.
ராபின்சன் ஒரே ஒரு வார்த்தை அனுப்பினான்:
"வந்துட்டா."
எட்டு வருடக் கல்யாணத்தில்
அவன் சரியாகச் சொன்ன வார்த்தை அதுதான்.
போய்ச் சேர்ந்தாள் என்று
நம் பாஷையில் எழுத முடியாது.

மே கடைசியில் திரும்பினாள்.
ஒரு பல் குறைந்திருந்தது,
காற்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.
"போறப்ப சீக்கிரம் போயிட்டேம்மா.
வர்றதுக்குத்தான் ரொம்ப நேரம்."

எனக்குத் தெரியும்.
முப்பத்தைந்தாயிரம் அடியில்
மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் ஓடுகிற காற்று.
போகிறவளை முதுகில் தள்ளும்,
வருகிறவளின் நெஞ்சில் கைவைக்கும்.
தூரம் மாறாது, மணிதான் ஒன்றரை கூடும்.
படம் வரைந்து காட்டலாம் என்று பேனா தேடினேன்.
அதற்குள் அவளே சொன்னாள்:
"ஏர்போர்ட்ல அப்பா அழுதாங்க.
அதான் லேட்டு."

"அதான்," என்றேன்.

ஹெப்பாள் மேம்பாலத்தில் டாக்ஸி நின்றது.
டிரைவர் மஞ்சுநாத் எஞ்சினை அணைத்துவிட்டு
கொட்டாவி விட்டார்.
வீட்டுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்,
ஐம்பத்தைந்து நிமிடம் என்றது வரைபடம்.
என் மடியில் அவள் தலை.
ஸ்வெட்டரில்
வேறொரு வீட்டுச் சோப்பின் வாசனை.

அந்த அரை மணியை
அப்போதுதான் தொட்டேன்.
யாருக்கும் அறிவிக்கவில்லை.